புதிய உரிமையாளரின் பணம்: கால்பந்து ரசிகர்கள் எதைப் பற்றி விவாதிக்கிறார்கள்?

2008 செப்டம்பர் 1 அன்று, அபுதாபியின் அரச குடும்பத்தைச் சேர்ந்த ஷேக் மன்சூரின் நிறுவனம் மான்செஸ்டர் சிட்டி கிளப்பை வாங்குகிறது என்ற செய்தி வெளியானது. அந்தக் கோடையில் வீரர்களை வாங்கவும் விற்கவும் அனுமதிக்கப்பட்ட கடைசி நாளும் அதுதான். அன்று இரவு கெடு முடிவதற்குள், செல்சிக்குப் போவார் என்று பலரும் எதிர்பார்த்திருந்த ரியல் மாட்ரிட்டின் பிரேசில் வீரர் ரொபினோ, 3.25 கோடி பவுண்டுக்கு மான்செஸ்டர் சிட்டியில் சேர்ந்துவிட்டார். பத்து ஆண்டுகளுக்கு முன்பு மூன்றாம் பிரிவில் ஆடிக்கொண்டிருந்த ஒரு கிளப், ஒரே நாளில் உலகின் மிகப் பணக்காரக் கிளப்புகளின் வரிசையில் வந்து நின்றது.

இப்படி ஒரு கிளப் கைமாறும்போதெல்லாம் அதன் ரசிகர்களிடையே ஒரு விவாதம் தொடங்குகிறது. ஒரு சாரார், இத்தனை ஆண்டுகள் காத்திருந்ததற்கு இனியாவது ஒரு கோப்பை கிடைக்கும் என்கிறார்கள். மறு சாரார், இவர் எவ்வளவு காலம் இருப்பார், போகும்போது எதை விட்டுவிட்டுப் போவார் என்று கேட்கிறார்கள். கால்பந்தைப் புதிதாகப் பார்க்கத் தொடங்கும் ஒருவருக்கு இது நம்பிக்கை உள்ளவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் இடையிலான சச்சரவாகத் தோன்றலாம். உற்றுக் கேட்டால், இரு தரப்பும் பணத்தைப் பற்றிச் சில குறிப்பான கேள்விகளைத்தான் கேட்கிறார்கள் என்பது புலப்படும்: அது எந்த வடிவில் கிளப்புக்குள் வருகிறது, எதற்குச் செலவாகிறது, விதிகள் அதில் எவ்வளவை அனுமதிக்கின்றன, உரிமையாளர் விலகினால் அந்தச் செலவை யார் சுமப்பது. செய்தித் தலைப்புகளில் பெரும்பாலும் இடம்பெறும் "எவ்வளவு செலவழிப்பார்" என்ற கேள்வியை மட்டும் வைத்துக்கொண்டு ஓர் உரிமையாளரை எடைபோட முடியாது. இந்தக் கட்டுரை மற்ற கேள்விகளை விளக்க முயல்கிறது.

முதலில், உரிமையாளரின் பணம் ஏன் இவ்வளவு முக்கியமாகிறது என்பதைப் பார்க்க வேண்டும். ஐரோப்பியக் கால்பந்து லீக் ஓர் ஏணி போன்றது. இங்கிலாந்தின் உச்சப் பிரிவான பிரீமியர் லீகில் 20 கிளப்புகள் ஆடுகின்றன. பருவ முடிவில் கடைசி மூன்று இடங்களில் இருப்பவை இரண்டாம் பிரிவுக்கு இறங்க, அங்கிருந்து மூன்று மேலேறும். மேலே முதல் சில இடங்களைப் பிடிப்பவை, ஐரோப்பாவின் சிறந்த கிளப்புகள் மோதும் சாம்பியன்ஸ் லீகிற்குத் தகுதி பெற்றுக் கூடுதல் வருமானம் ஈட்டும். அமெரிக்காவின் பெரிய விளையாட்டு லீக்குகளில் ஓர் அணி எவ்வளவு மோசமாக ஆடினாலும் அடுத்த ஆண்டும் அதே லீகில் இருக்கும். இங்கே அந்தப் பாதுகாப்பு இல்லை. ஒரு படி இறங்கினால் தொலைக்காட்சி வருமானம் சரிந்துவிடும். ஆனால் வீரர்களுடன் செய்துகொண்ட ஒப்பந்தங்கள் அப்படியே இருக்கும். எனவே மேலே ஏறுவதற்காகச் செலவழிப்பவர், கீழே விழுந்தால் வரும் இழப்புக்கும் சேர்த்தே பணயம் வைக்கிறார்.

ஒரு கிளப்புக்குத் தானாக வரும் வருமானம் மூன்று வழிகளில் வருகிறது: ஆட்ட நாளில் விற்கும் டிக்கெட்டுகள், ஒளிபரப்பு உரிமை, விளம்பரமும் வணிகமும். பழைய வெற்றிகளும் பெரிய மைதானமும் உடைய கிளப்புகளுக்கு இம்மூன்றும் அதிகம். நடுத்தரக் கிளப் ஒன்று அந்த இடைவெளியைத் தன் வருமானத்தால் மட்டும் கடக்க வேண்டுமானால் பல ஆண்டுகள் பிடிக்கும். நான்காவது வழியாகிய உரிமையாளரின் சொந்தப் பணம் அந்தக் காலத்தைச் சுருக்குகிறது. ரசிகரின் ஆவலும் அச்சமும் இந்த நான்காவது வழியிலிருந்துதான் பிறக்கின்றன.

பணம் எந்த வடிவில் வருகிறது

"உரிமையாளர் நூறு கோடி போட்டார்" என்று சொல்லும்போது அது மூன்று வெவ்வேறு பொருள்களைத் தரலாம். முதலாவது, அவர் புதிய பங்குகளை வாங்கி அந்தப் பணத்தைக் கிளப்புக்குத் தருவது. இது பங்கு மூலதனம். கிளப் இதைத் திருப்பித் தர வேண்டியதில்லை. உரிமையாளர் தன் பணத்தைத் திரும்பப் பெற வேண்டுமானால் பங்குகளை விற்றுத்தான் பெற வேண்டும். இரண்டாவது, உரிமையாளரே கிளப்புக்குக் கடன் கொடுப்பது. அவர் நல்லெண்ணத்துடன் இருக்கும்வரை இது முதல் வகையைப் போலவே நடந்துகொள்ளும்; வட்டிகூட இருக்காது. ஆனால் காகிதத்தில் அது கடன்தான். மூன்றாவது, கிளப்பை வாங்குவதற்கான பணத்தையே வெளியில் கடனாக வாங்கி, அந்தக் கடனைக் கிளப்பின் தலையில் ஏற்றிவிடுவது.

செல்சியின் வரலாறு இரண்டாம் வகைக்குச் சிறந்த எடுத்துக்காட்டு. ரஷ்யத் தொழிலதிபர் ரோமன் அப்ரமோவிச் 2003-இல் அந்தக் கிளப்பை அதன் கடன்களையும் சேர்த்து ஏறத்தாழ 14 கோடி பவுண்டு மதிப்பில் வாங்கினார். இரண்டே ஆண்டுகளில் அது லீக் பட்டம் வென்றது. 2012-இலும் 2021-இலும் சாம்பியன்ஸ் லீகையும் வென்றது. இதற்கெல்லாம் செலவான பணத்தின் பெரும்பகுதி கிளப்பின் தாய் நிறுவனத்துக்கு அவர் கொடுத்த கடனாகவே பதிவாகியிருந்தது. 2022 வாக்கில் அது 150 கோடி பவுண்டைத் தொட்டிருந்தது. யுக்ரைன் போர் தொடங்கிய பின் பிரிட்டிஷ் அரசு அவர்மீது தடை விதித்தபோது, கிளப் டிக்கெட் விற்பதற்கே சிறப்பு உரிமம் பெற வேண்டிய நிலைக்கு வந்தது. அந்தக் கடனைத் திருப்பிக் கேட்கப்போவதில்லை என்று அவர் அறிவித்ததாலும், 250 கோடி பவுண்டு கொடுத்து வாங்க டாட் போலியும் கிளியர்லேக் நிறுவனமும் தலைமையேற்ற குழு முன்வந்ததாலும் செல்சி தப்பியது. பத்தொன்பது ஆண்டு வெற்றியும் ஒரே மனிதரின் கையிலிருந்த கடன் பத்திரத்தின் மேல் நின்றிருந்தது என்பதைப் பல ரசிகர்கள் 2022 மார்ச் மாதத்தில்தான் உணர்ந்தார்கள்.

மூன்றாம் வகைக்கு மான்செஸ்டர் யுனைடெட். 2005-இல் கிளேசர் குடும்பம் அந்தக் கிளப்பை 79 கோடி பவுண்டு மதிப்பில் வாங்கியது. அந்தத் தொகையின் பெரும்பகுதி கடன். அதுவரை கடனே இல்லாமல் நடந்த ஒரு கிளப், தன்னை விலைக்கு வாங்கிய கடனுக்குத் தானே வட்டி கட்டத் தொடங்கியது. அதை ஏற்க மறுத்த ரசிகர்களில் ஒரு பகுதியினர் அதே ஆண்டில் எஃப்.சி. யுனைடெட் ஆஃப் மான்செஸ்டர் என்ற தனிக் கிளப்பையே தொடங்கினார்கள். 2010-இல் ஆயிரக்கணக்கானோர் கிளப்பின் மிகப் பழைய வண்ணங்களான பச்சையும் பொன்னிறமும் கொண்ட கழுத்துத் துண்டுகளை அணிந்து மைதானத்துக்கு வந்தார்கள். அந்த ஆண்டுகளில் அணி தோற்றுக்கொண்டிருந்ததா என்றால் இல்லை. 2007 முதல் 2009 வரை தொடர்ந்து மூன்று முறை லீக் பட்டமும், 2008-இல் சாம்பியன்ஸ் லீகும் வென்றிருந்தது. கோப்பைகள் வந்துகொண்டிருக்கும்போதே உரிமையாளரை எதிர்க்க ரசிகர்களுக்குக் காரணம் இருக்கலாம் என்பதை இது காட்டுகிறது. "வெற்றி பெற்றால் எல்லோரும் அமைதியாகிவிடுவார்கள்" என்று சொல்பவர்கள் இந்த வரலாற்றை எண்ணிப் பார்க்க வேண்டும்.

அறிவிக்கும் தொகையும் கணக்கில் ஏறும் தொகையும்

இனி, விவாதத்தில் அதிகமாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படும் பகுதிக்கு வருவோம். ஒரு வீரரை ஒரு கிளப்பிடமிருந்து வாங்கும்போது கொடுக்கும் விலையை டிரான்ஸ்ஃபர் தொகை என்கிறோம். புதிய உரிமையாளரின் லட்சியத்தை ரசிகர்கள் பெரும்பாலும் இதை வைத்துத்தான் அளக்கிறார்கள், ஏனெனில் இது மட்டும்தான் வெளியில் தெரிகிறது. ஆனால் கணக்குப் புத்தகத்தில் இந்தத் தொகை ஒரே ஆண்டில் முழுதாக ஏறுவதில்லை; ஒப்பந்தக் காலம் முழுவதற்கும் சமமாகப் பிரித்து எழுதப்படுகிறது.

ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம். ஒரு வீரர் 10 கோடி பவுண்டுக்கு ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் வாங்கப்படுகிறார். ஆண்டுக்கு 2 கோடி செலவாகக் கணக்கில் ஏறும். அவருடைய ஊதியம் அதற்குமேல் தனி. இரண்டு ஆண்டுகள் கழித்து அவருடைய கணக்கு மதிப்பு 6 கோடி. அப்போது அவரை 7 கோடிக்கு விற்றால், வாங்கிய விலையைவிடக் குறைவாக விற்றிருந்தாலும் கணக்கில் 1 கோடி லாபம் வரும். 5 கோடிக்கு விற்றால் 1 கோடி நட்டம். இப்போது அதே கிளப்பின் இளையோர் பயிற்சிப் பள்ளியில் சிறுவயது முதல் வளர்ந்த ஒரு வீரரை எடுத்துக்கொள்ளுங்கள். அவருக்கு டிரான்ஸ்ஃபர் தொகை எதுவும் கொடுக்கப்படாததால் அவருடைய கணக்கு மதிப்பு சுழியம். அவரை 3 கோடிக்கு விற்றால் அந்த 3 கோடியும் அந்த ஆண்டின் லாபமாகச் சேரும்.

இந்தக் கணக்கு முறை இரண்டு விளைவுகளை உண்டாக்கியது. ஒப்பந்தத்தை நீட்டினால் ஆண்டுச் செலவு சிறியதாகத் தெரியும். செல்சியின் புதிய உரிமையாளர்கள் 2023 ஜனவரி இறுதியில் என்சோ ஃபெர்னாண்டஸை 10.68 கோடி பவுண்டுக்கு எட்டரை ஆண்டு ஒப்பந்தத்தில் வாங்கியபோது, அந்தத் தொகை ஆண்டுக்கு ஏறத்தாழ 1.25 கோடியாகச் சுருங்கியது. ஐந்தாண்டாக இருந்திருந்தால் 2 கோடியைத் தாண்டியிருக்கும். இதைக் கண்ட ஐரோப்பியக் கால்பந்துச் சம்மேளனமான யூஈஎஃப்ஏ அதே ஆண்டுக் கோடையிலிருந்தும், பிரீமியர் லீக் அந்த ஆண்டு டிசம்பரிலிருந்தும், ஒப்பந்தம் எவ்வளவு நீளமானதாயினும் செலவை ஐந்தாண்டுகளுக்கு மேல் பிரித்து எழுதக் கூடாது என்று விதித்தன.

இரண்டாம் விளைவு எனக்கு மிகுந்த வருத்தம் தருவது. கணக்கைச் சரிக்கட்ட வேண்டிய நெருக்கடியில், ரசிகர்கள் தங்கள் வீட்டுப் பிள்ளையாகக் கருதும் உள்ளூர் வீரரை விற்பதே கிளப்புக்கு எளிய வழியாகிவிடுகிறது. 2024 ஜூன் இறுதியில், கணக்காண்டு முடிவதற்குச் சற்று முன், நியூகாசில் யுனைடெட் தன் பயிற்சிப் பள்ளியில் வளர்ந்த எலியட் ஆண்டர்சனை நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட்டுக்கு விற்றது. உலகின் மிகப் பெரிய முதலீட்டு நிதிகளில் ஒன்று அந்தக் கிளப்பின் உரிமையாளர். இருந்தும் அந்த வீரரை வைத்துக்கொள்ள முடியவில்லை. உரிமையாளரிடம் இருக்கும் பணமும் கிளப் செலவழிக்க அனுமதிக்கப்பட்ட பணமும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

நிகரச் செலவு என்ற சொல்லும் விவாதங்களில் அடிக்கடி வரும். வாங்கிய வீரர்களுக்குக் கொடுத்ததிலிருந்து விற்ற வீரர்களுக்குக் கிடைத்ததைக் கழித்தால் வருவது அது. மொத்தச் செலவைவிட இது நல்ல அளவுகோல். ஆயினும் இதிலும் ஊதியம் இல்லை. ஒரு கிளப் லீகில் எந்த இடத்தைப் பிடிக்கும் என்பதற்கு டிரான்ஸ்ஃபர் தொகையைவிட அதன் மொத்த ஊதியச் செலவே நெருக்கமான குறியீடு என்பதைக் கால்பந்துப் பொருளாதாரத்தை ஆராய்ந்தவர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறார்கள். புகழ்பெற்ற ஒரு வீரரின் வருகையைக் கொண்டாடும்போது, அவருடைய விலையோடு அவருக்கு வாரந்தோறும் போகும் தொகையையும் சேர்த்துப் பார்ப்பதே முறை.

விதிகள் யாரைக் காக்கின்றன

பிரீமியர் லீகில் 2010-களிலிருந்து நடைமுறையில் இருந்த லாப நட்ட விதியின்படி, ஒரு கிளப் மூன்று ஆண்டுகளில் அதிகபட்சம் 10.5 கோடி பவுண்டு வரைதான் நட்டம் காட்டலாம். அதுவும் அதன் பெரும்பகுதியை உரிமையாளர் தன் பணத்தால் ஈடுகட்டியிருந்தால் மட்டுமே. ஆனால் மைதானம், இளையோர் பயிற்சி, மகளிர் அணி, சமூகப் பணி ஆகியவற்றுக்கான செலவுகள் இந்தக் கணக்கில் சேர்வதில்லை. விதியே இரண்டு வகைச் செலவுகளைப் பிரித்துப் பார்க்கிறது என்பதைப் புதியவர்கள் கவனிக்க வேண்டும். நீண்ட காலம் நிலைத்து நிற்பவற்றுக்கு உரிமையாளர் எவ்வளவு வேண்டுமானாலும் கொடுக்கலாம்; வீரர்களின் விலைக்கும் ஊதியத்துக்கும் மட்டுமே கட்டுப்பாடு. 2026–27 பருவத்திலிருந்து இதன் இடத்தில், அணிக்கான செலவை வருமானத்தின் 85 விழுக்காட்டுக்குள் நிறுத்தும் புதிய விதியைக் கொண்டுவரக் கிளப்புகள் வாக்களித்தன. யூஈஎஃப்ஏ தன் போட்டிகளில் ஆடும் கிளப்புகளுக்கு வைத்திருக்கும் வரம்பு 70 விழுக்காடு.

இவை வெறும் எச்சரிக்கைகள் அல்ல. லாப நட்ட விதியை மீறியதற்காக எவர்டனுக்கு 2023 நவம்பரில் லீக் அட்டவணையில் 10 புள்ளிகள் குறைக்கப்பட்டன. மேல்முறையீட்டில் அது 6 ஆனது. 2024 ஏப்ரலில் மேலும் 2 போயின. நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் 4 புள்ளிகளை இழந்த கதை இன்னும் பாடம் தருவது. பிரென்னன் ஜான்சன் என்ற வீரரை நல்ல விலை வரும்வரை காத்திருந்து 2023 செப்டம்பரில் விற்றது அந்தக் கிளப். வணிக நோக்கில் அது சரியான முடிவு. ஆனால் கணக்காண்டு ஜூன் 30-இல் முடிந்துவிட்டதால், அந்த வருமானம் தேவைப்பட்ட ஆண்டில் சேரவில்லை.

விதிகளைப் பற்றிய ரசிகர்களின் சண்டைதான் எல்லாவற்றிலும் கடுமையானது. ஒரு தரப்பு, இவை இல்லாவிட்டால் அகலக்கால் வைக்கும் உரிமையாளர்கள் கிளப்புகளை அழித்துவிடுவார்கள் என்கிறது. மறு தரப்பு, வருமானத்தோடு செலவைக் கட்டிவைத்தால் ஏற்கெனவே பெரிய வருமானம் உடையவர்களே என்றும் மேலே இருப்பார்கள் என்கிறது. இரண்டும் உண்மை. 1991-இல் தன் ஊர்க் கிளப்பான பிளாக்பர்ன் ரோவர்ஸைக் கையில் எடுத்த எஃகுத் தொழில் அதிபர் ஜாக் வாக்கர், இரண்டாம் பிரிவில் இருந்த அணியை மேலேற்றி, ஆலன் ஷியரர் போன்றவர்களை வாங்கி, 1995-இல் லீக் பட்டம் வெல்ல வைத்தார். 1914-க்குப் பிறகு அந்த ஊருக்குக் கிடைத்த முதல் பட்டம் அது. இன்றைய விதிகளின் கீழ் அதே வேகத்தில் அதைச் செய்ய இயலாது. அது நல்லதா என்ற கேள்விக்கு, பிளாக்பர்னின் ரசிகர் ஒருவரிடமும் பெரிய கிளப்பின் ரசிகர் ஒருவரிடமும் ஒரே விடையை எதிர்பார்க்கக் கூடாது.

லட்சியத்தை எதைக் கொண்டு அளப்பது

இதே பிளாக்பர்ன் 2010 நவம்பரில் புணேயைச் சேர்ந்த கோழிப்பண்ணைத் தொழில் குழுமமான வெங்கீஸின் கைக்கு வந்தது. சில வாரங்களுக்குள் அனுபவமிக்க பயிற்சியாளர் சாம் அலர்டைஸ் நீக்கப்பட்டார். 2012-இல் அணி உச்சப் பிரிவிலிருந்து இறங்கியது, 2017-இல் மூன்றாம் பிரிவுக்கே போனது. அந்த ஆண்டுகளில் உரிமையாளர்கள் பணம் போடவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. நட்டங்களை ஆண்டுதோறும் அவர்கள்தான் ஈடுகட்டினார்கள். ரசிகர்களின் குறை வேறு: கால்பந்தை அறிந்தவர்களைக் கேட்டு முடிவெடுக்கவில்லை, தங்களோடு பேசவில்லை என்பது.

எவர்டனையும் இதோடு வைத்துப் பார்க்கலாம். 2016-இல் பங்குகளை வாங்கிய ஃபர்ஹாத் மோஷிரியின் காலத்தில் வீரர்களுக்கு 50 கோடி பவுண்டுக்கு மேல் செலவானது. கோப்பை ஒன்றும் வரவில்லை; 2022-இலும் 2023-இலும் அணி கீழ்ப் பிரிவுக்கு இறங்குவதிலிருந்து மயிரிழையில் தப்பியது. பயிற்சியாளர்கள் அடுத்தடுத்து மாறினார்கள். ஒவ்வொருவரும் தமக்கு முன்னிருந்தவர் வாங்கிய வீரர்களை வேண்டாதவர்களாகக் கண்டார்கள். பாரிஸ் சான் ஜெர்மைன் கதையும் இதைத்தான் வேறொரு உயரத்தில் சொல்கிறது. 2017-இல் நெய்மாருக்கு 22.2 கோடி யூரோ கொடுத்து உலகச் சாதனை படைத்த கிளப் அது. பின்னர் எம்பாப்பேயும் மெஸ்ஸியும் அவருடன் ஆடினார்கள். சாம்பியன்ஸ் லீகை அந்த மூவரும் இருந்தபோது வெல்லவில்லை. மூவரும் போன பிறகு, 2025-இல், இளைய வீரர்களைக் கொண்டு இறுதி ஆட்டத்தில் இன்டர் மிலானை 5–0 என்று வீழ்த்தி வென்றது. அந்த இளைஞர்களுக்கும் பெருந்தொகைதான் செலவானது என்பதை மறந்துவிடக் கூடாது. ஆனால் அந்தச் செலவுக்குப் பின்னால் ஒரு விளையாட்டு முறை இருந்தது.

என் பார்வையில், லட்சியம் என்ற சொல்லுக்கு மிகப் பொருத்தமான கிளப் பிரைட்டன். அதன் அன்றைய நிர்வாகம் கோல்ட்ஸ்டோன் மைதானத்தை விற்றுவிட்டதால், 1997 முதல் அணி முதலில் வேறொரு ஊரிலும் பிறகு ஓர் ஓட்டப்பந்தயத் திடலிலுமாக 14 ஆண்டுகள் ஆட நேர்ந்தது. சிறுவயது முதல் அதன் ரசிகரான டோனி புளூம் 2009-இல் பொறுப்பேற்று, முதலில் செலவழித்தது மைதானத்துக்கு. 2011-இல் அது திறக்கப்பட்டது; 2017-இல் அணி பிரீமியர் லீகிற்கு வந்தது; 2023-இல் முதன்முறையாக ஐரோப்பியப் போட்டிக்குத் தகுதி பெற்றது. அதற்கிடையில், தென் அமெரிக்காவில் பெரிதாக அறியப்படாத இளைஞராக இருந்தபோது சிறு தொகைக்கு வாங்கிய மொய்சஸ் கைசேடோவை 10 கோடி பவுண்டு தொடக்கத் தொகைக்கு விற்கும் அளவுக்கு அதன் ஆய்வுக் குழு தேர்ந்திருந்தது. 2009 முதல் 2023 வரை எந்த ஒரு கோடையிலும் பிரைட்டன் ரசிகர்கள் கொண்டாடும்படியான உலகப் புகழ் வீரர் வந்து இறங்கவில்லை.

அதற்காக, செலவழிக்காத உரிமையாளரைப் பொறுப்பானவர் என்று புகழ்வதும் பிழையே. நியூகாசிலில் மைக் ஆஷ்லியின் காலத்தில் கணக்குகள் கட்டுக்குள் இருந்தன. அணி 2009-இலும் 2016-இலும் உச்சப் பிரிவிலிருந்து இறங்கியது, பயிற்சிக் கூடங்கள் பழுதாகிக் கிடந்தன. அங்குள்ள ரசிகர்கள் கேட்டதெல்லாம் முயற்சி தெரிய வேண்டும் என்பதுதான். 2025 மார்ச்சில் லிவர்பூலை 2–1 என்று வென்று லீக் கோப்பையைக் கைப்பற்றியபோது, 70 ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு பெரிய உள்நாட்டுக் கோப்பை அந்த ஊருக்கு வந்தது. அதற்காக அழுத முதியவர்களைக் குறைகூற யாருக்கும் உரிமை இல்லை.

ஆனால் அந்தக் கோப்பையைப் பற்றிப் பேசும்போது இன்னொரு கேள்வியையும் ஒதுக்க முடியாது. 2021-இல் 30.5 கோடி பவுண்டுக்கு அந்தக் கிளப்பை வாங்கிய குழுவில் 80 விழுக்காடு சவூதி அரேபியாவின் அரசு முதலீட்டு நிதிக்குரியதாக இருந்தது. தன் மனித உரிமைப் பதிவை மறைக்கவே ஒரு நாடு கால்பந்தைப் பயன்படுத்துகிறது என்று ஆம்னெஸ்டி இன்டர்நேஷனல் உள்ளிட்ட அமைப்புகள் எதிர்ப்புத் தெரிவித்தன. பணம் எங்கிருந்து வருகிறது என்பது ரசிகரின் கவலையா என்று கேட்பவர்களும் உண்டு. ரசிகர் உரிமையாளரைத் தேர்ந்தெடுக்கவில்லை என்பது சரி. ஆனால் அவர் குரலும் உடையும் பாடலும்தான் அந்த உரிமையாளருக்குத் தேவைப்படும் நற்பெயரை ஈட்டித் தருகின்றன. ஆகவே கவலைப்படுவது இயல்பு, அதைப் பேசுவது கிளப்புக்குத் துரோகமும் ஆகாது.

உரிமையாளர் போன பிறகு

அகலக்கால் வைத்த கிளப்புகளின் வரலாறு நீளமானது. லீட்ஸ் யுனைடெட் 2001-இல் சாம்பியன்ஸ் லீகின் அரையிறுதி வரை போனது. தொடர்ந்து அந்தப் போட்டியில் ஆடுவோம் என்ற நம்பிக்கையில், வருங்கால டிக்கெட் வருமானத்தை ஈடாகக் காட்டி 6 கோடி பவுண்டு கடன் வாங்கியது. ஒரே ஓர் இடம் பின்தங்கியதால் தகுதி கைநழுவியது. வீரர்கள் விற்கப்பட்டார்கள், 2004-இல் அணி கீழே இறங்கியது, எல்லண்ட் ரோடு மைதானமும் விற்கப்பட்டது, 2007-இல் மூன்றாம் பிரிவு. உச்சப் பிரிவுக்குத் திரும்ப 2020 வரை ஆயிற்று. ரஷ்யாவின் அன்ஜி மகச்கலா, சுலைமான் கெரிமோவின் பணத்தில் 2011-இல் சாமுவேல் எட்டோவை வாங்கியது. இரண்டு ஆண்டுகளில் உரிமையாளரின் எண்ணம் மாற, விலை உயர்ந்த வீரர்கள் சில வாரங்களில் விற்கப்பட்டார்கள். அந்தக் கிளப் இன்று இல்லை. கத்தார் உரிமையாளரின் கீழ் 2013-இல் சாம்பியன்ஸ் லீக் கால் இறுதியில் ஆடிய ஸ்பெயினின் மலாகா, பத்தே ஆண்டுகளில் மூன்றாம் நிலைக்கு இறங்கியது.

இதைத் தடுக்க ஜெர்மனி வேறு வழியைத் தேர்ந்தெடுத்தது. அங்கே, சில விதிவிலக்குகள் நீங்கலாக, ஒரு கிளப்பின் வாக்குரிமையில் பாதிக்கு மேல் அதன் உறுப்பினர்களிடமே இருக்க வேண்டும். 50+1 விதி என்று அதற்குப் பெயர். லீகின் வணிக உரிமையில் ஒரு பங்கை முதலீட்டாளருக்கு விற்க முயன்றபோது, ரசிகர்கள் ஆட்டத்துக்கு ஆட்டம் டென்னிஸ் பந்துகளை மைதானத்தில் எறிந்து ஆட்டங்களை இடைநிறுத்தினார்கள். 2024 பிப்ரவரியில் லீக் அந்தத் திட்டத்தைக் கைவிட்டது. இங்கிலாந்திலும் 2025-இல் இயற்றப்பட்ட சட்டத்தின் வழியே, உரிமையாளர்களின் தகுதியையும் நிதித் திட்டத்தையும் சோதிக்கும் தனி ஒழுங்குமுறை அமைப்பு உருவாகியுள்ளது.

இந்த விவாதத்தின் எல்லாக் கேள்விகளும் ஒரே இடத்தில் வந்து சேர்ந்தது போர்ட்ஸ்மத்தில். 2008-இல் இங்கிலாந்தின் நாக்-அவுட் போட்டியான எஃப்.ஏ. கோப்பையை வென்ற கிளப் அது. 2009–10 பருவத்தில் மட்டும் நான்கு உரிமையாளர்கள் மாறினார்கள். 2010 பிப்ரவரியில், கடனைத் தீர்க்க முடியாமல் வெளி நிர்வாகியிடம் ஒப்படைக்கப்பட்ட முதல் பிரீமியர் லீக் கிளப்பாக அது ஆனது. 2013-இல் நான்காம் பிரிவுக்கு இறங்கும் தறுவாயில், ரசிகர்கள் ஆளுக்கு 1,000 பவுண்டு போட்டு ஓர் அறக்கட்டளையின் வழியே கிளப்பை வாங்கினார்கள். பழைய கடன்களைத் தீர்த்தார்கள், 2017-இல் நான்காம் பிரிவில் முதலிடம் பிடித்து மேலேறவும் செய்தார்கள்.

அந்த ஆண்டிலேயே, டிஸ்னி நிறுவனத்தின் முன்னாள் தலைவர் மைக்கேல் ஐஸ்னர் கிளப்பை வாங்க முன்வந்தார். பழுதடைந்த ஃபிராட்டன் பார்க் மைதானத்தைச் சீர்செய்யும் அளவுக்கு ரசிகர்களிடம் பணம் இல்லை. ஆனால் தாங்கள் மீட்டெடுத்ததை மீண்டும் ஒரு செல்வந்தரிடம் கொடுப்பதா என்ற தயக்கம் இருந்தது. ஐஸ்னர் கூட்டங்களுக்கு நேரில் வந்து கேள்விகளுக்குப் பதில் சொன்னார். அவர் தர முன்வந்த விலை 56.7 லட்சம் பவுண்டு. அதற்குமேல் ஒரு கோடி பவுண்டைக் கடனாக அல்லாமல் பங்கு மூலதனமாகவே போடுவதாக உறுதியளித்தார். உறுப்பினர்களில் பெரும்பான்மையோர் விற்பதற்கு வாக்களித்தார்கள். அதன்பின் பெருஞ்செலவு எதுவும் நடக்கவில்லை. பணத்தில் ஒரு பகுதி மைதானத்துக்கே போனது, அணி ஏன் மேலேறவில்லை என்ற முணுமுணுப்பு ஆண்டுதோறும் எழுந்தது. இரண்டாம் பிரிவுக்குத் திரும்ப ஏழு பருவங்கள் ஆயின. 2024 ஏப்ரலில், ஃபிராட்டன் பார்க்கிலேயே, அது நடந்தது.